நீதிபதி கேட்டதா, நீதிமன்றம் உத்தரவிட்டதா? மதுரைக் கிளைச் செய்திகள் பற்றி

மேலூர்ரோடு எழுதியது:

2004 ஜூலை 24 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறந்த நாளிலிருந்து, அது இருக்கிற ஒத்தக்கடைக்குப் போய்வரும் நிருபர் நான். இருபது வருஷத்துக்கு மேலாக இதே வேலை. போன மாதம் நடந்த ஒரு விஷயம் இன்னும் தூங்கவிடவில்லை. அதனால்தான் இந்த இழை.

மேலூர் பக்கம் ஒரு கண்மாய். ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்லி அந்த ஊர்க்காரர் ஒருவர் பொதுநல மனு போட்டிருந்தார். காலையில் வழக்கை எடுத்தார்கள். இத்தனை வருஷம் அதிகாரிகள் என்ன செய்துகொண்டிருந்தார்கள், நாங்களே இடிக்கச் சொல்ல வேண்டியதுதானா என்று நீதிபதி அரசு வக்கீலிடம் கேட்டார். கோபமாகத்தான் கேட்டார். அரசு வக்கீல் விவரம் கேட்டுச் சொல்வதாகச் சொல்ல, மதியத்துக்குத் தள்ளி வைத்தார்கள். மொத்தமே ஆறேழு நிமிஷம்.

11.20க்கு என் போனுக்கு ஒரு நியூஸ் கார்டு வந்தது. கிளைக் கட்டடத்தின் படம், அதன்மேல் சிவப்பு எழுத்தில் "கண்மாய் ஆக்கிரமிப்பை உடனே இடிக்க உத்தரவு! ஐகோர்ட் கிளை அதிரடி!" அந்த நேரத்தில் உத்தரவு என்று ஒன்று பிறக்கவே இல்லை. மூன்று மணிக்கு நீதிபதி சொன்ன உத்தரவு இதுதான்: கண்மாயை அளந்து எல்லை குறிக்க வேண்டும், ஆக்கிரமிப்பு இருந்தால் 2007ஆம் வருஷத்து நீர்நிலைப் பாதுகாப்புச் சட்டப்படி நோட்டீஸ் கொடுத்து மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும், நான்கு வாரத்தில் அறிக்கை வேண்டும்.

வீட்டுக்குப் போகிற வழிதான், அந்த ஊரில் இறங்கினேன். கண்மாய்க் கரையில் எட்டுப் பத்து வீடுகள். ஒரு வீட்டில் கூரைத் தகரத்தையெல்லாம் பிரித்து அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். அண்டா, குடம், மிக்ஸி எல்லாம் ஒரு குட்டி யானை வண்டியில் ஏறியிருந்தன. டிரங்குப் பெட்டி மேல் யூனிஃபார்மோடு ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தது. நாளைக்கு ஜேசிபி வருதாமே, தகரம் நசுங்கிப் போனால் வேறு வாங்க வழியில்லை என்றார் அந்த அம்மா. போனில் அந்தக் கார்டையும் காட்டினார். அப்படி உத்தரவு இல்லை என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. படம் போட்டு வந்திருக்கிறதே என்றார். அன்று ராத்திரி மேலூரில் நல்ல மழை.

கண்மாய் மீட்கப்பட வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. எங்கள் ஊர் மறுகால் அடைபட்டுப் போனதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆனால் நோட்டீஸ் வாங்கி, பதில் சொல்லி, மாற்று இடம் தேட அந்த அம்மாவுக்குச் சட்டம் கொடுத்த நாட்களை ஒரு கார்டு பிடுங்கிக்கொண்டது. நீதிமன்றச் செய்தியை நாம் எப்படி எழுத வேண்டும், எப்படிப் படிக்க வேண்டும்? வக்கீல்கள், குமாஸ்தாக்கள், சேனல் நடத்துகிறவர்கள், வழக்காடிகள் எல்லோரும் சொல்லுங்கள்.

———

சீரியல்47 எழுதியது:

அண்ணே, கிளையில் எட்டு வருஷமாக பிராக்டிஸ் செய்கிறேன். சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் வைத்துவிடுகிறேன்.

நீதிபதி வாயால் சொன்னதை எழுதுவது தப்பில்லை. 2021 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம், கொரோனா பரவலுக்குத் தேர்தல் ஆணையமே பொறுப்பு, கொலை வழக்குகூடப் போடலாம் என்கிற மாதிரி வாய்மொழியாகச் சொன்னது நினைவிருக்கும். ஆணையம் உச்ச நீதிமன்றம் போய், பத்திரிகைகள் அதை எழுதாமல் தடுக்க வேண்டும் என்று கேட்டது. மே 6ஆம் தேதி தீர்ப்பு வந்தது. வார்த்தை கடுமையானது, உவமை பொருத்தமில்லாதது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் திறந்த நீதிமன்றத்தில் நடப்பதை ஊடகம் எழுதுவதைத் தடுக்க முடியாது என்றும் சொன்னது. அதே தீர்ப்பில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. வாய்மொழிக் கருத்து நீதிமன்றப் பதிவேட்டில் இல்லாத ஒன்று, அதனால் நீக்குவதற்கும் அதில் எதுவும் இல்லை என்றார்கள். நம் பேச்சுக்கு இதுதான் ஆணிவேர். எழுதலாம், ஆனால் அது உத்தரவு இல்லை.

1971 நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவும் நியாயமான, துல்லியமான செய்திக்குப் பாதுகாப்பு கொடுக்கிறது. வழக்கு எந்தக் கட்டத்தில் இருந்தாலும் எழுதலாம். "துல்லியமான" என்ற சொல் அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. இடிக்கட்டுமா என்று கேட்டதை இடிக்க உத்தரவு என்று போட்டால் அந்தப் பாதுகாப்பு எங்கே நிற்கும்?

நீதிபதிகள் கேட்கிற கேள்விகளில் பாதி, வக்கீலைச் சோதித்துப் பார்ப்பதற்குத்தான். என் சீனியர் சொல்லிக் கொடுத்த முதல் பாடம், நீதிபதி நம்மைத் திட்டுகிறார் என்றால் எதிர்த்தரப்பை இன்னும் கேட்கவில்லை என்று அர்த்தம். காலையில் வாங்கிக் கட்டிக்கொண்டு மாலையில் ஸ்டே வாங்கிய வழக்குகள் எனக்கே உண்டு.

———

யானைமலை குமாஸ்தா எழுதியது:

நிருபர் ஐயா சொன்னது முழுக்க உண்மை. முப்பது வருஷம் மாவட்ட நீதிமன்றத்திலும் அப்புறம் இங்கேயும் வழக்குக் கட்டுத் தூக்கியவன் நான். முன்னாடி வழக்குப் போட்ட பார்ட்டி ஊரிலிருந்து பஸ் ஏறி வருவார். மாட்டுத்தாவணியில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்து ஒத்தக்கடை வந்து, கேட்டில் பாஸ் போட்டு உள்ளே வந்து, அண்ணே என் கேஸ் என்ன ஆச்சு என்று கேட்பார். இப்போது போன் செய்து, ஜெயிச்சுட்டோமாமே, யூடியூபில் வந்திருக்கே, நீங்க சொல்லவே இல்லையே என்கிறார். வழக்கு அன்றைக்குத்தான் அட்மிஷனுக்கே, அதாவது விசாரணைக்கு எடுப்பதா என்று பார்க்கிற கட்டத்துக்கே, வந்திருக்கும். நோட்டீஸ் ஆர்டர் ஆகியிருக்கும், அவ்வளவுதான்.

ஒரு தடவை இப்படி ஒரு பார்ட்டி ஊரில் வெடி போட்டுவிட்டார். இரண்டு மாதம் கழித்து மனு தள்ளுபடி. எதிராளி அதற்கு மேல் வெடி போட்டார். ஒரே தெரு, இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு சந்து. அதற்கப்புறம் அந்தச் சந்தில் இரண்டு குடும்பமும் ஒன்றையொன்று பார்த்துப் பேசவே இல்லை.

என்னிடம் கேட்கிறவர்களுக்குச் சொல்வது ஒன்றுதான். வழக்கு நம்பரைச் சொல்லுங்கள், உத்தரவு நகல் வரட்டும், அப்புறம் பேசலாம்.

———

வைகைத்தம்பி எழுதியது:

சேனல்காரன் பக்கத்தையும் கேளுங்கள். நான் தனியாளாக ஒரு யூடியூப் சேனல் நடத்துகிறேன். அந்தக் கார்டு போட்டது நான் இல்லை, ஆனால் அதே மாதிரி கார்டு நானும் போட்டிருக்கிறேன்.

உயர் நீதிமன்றத்தில் எல்லாம் இங்கிலீஷ். 2006ல் தமிழை வழக்கு மொழியாக்கச் சொல்லி சட்டமன்றத்தில் தீர்மானமே போட்டார்கள், இன்னும் நடக்கவில்லை. தன் ஊர்க் கண்மாய் பற்றி என்ன பேசினார்கள் என்பது அந்த ஊர்க்காரருக்கு எப்படித் தெரியும்? மறுநாள் பேப்பரில் மதுரைப் பதிப்பில் நாலு வரி வந்தால் உண்டு. நான் கேட்டுக்கு வெளியே நின்று, வழக்குப் போட்டவரை, வக்கீலைத் தமிழில் பேச வைக்கிறேன். அதைப் பார்த்து, எங்கள் ஊரிலும் இப்படி ஒரு பிரச்சினை இருக்கிறது, மனு போட முடியுமா என்று கேட்டுப் போன் வருகிறது.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் அப்பாவும் மகனும் போலீஸ் பிடியில் அடிபட்டு இறந்தார்களே, அந்தச் செய்தியை நாடு முழுக்கக் கொண்டுபோனதில் போன்களுக்குப் பங்கு இல்லையா? மதுரைக் கிளை தானாகவே முன்வந்து அந்த வழக்கை எடுத்தது. ஊரடங்கு நேரம். நீதிமன்றம் என்ன சொல்கிறது என்று சின்னச் சின்ன ஊர்களிலும் மக்கள் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அப்போது எங்களை யாரும் அவசரக்காரர்கள் என்று சொல்லவில்லை.

மேலூர்ரோடு அண்ணே, அந்தத் தகரம் பிரித்த அம்மாவைப் பற்றிப் படித்ததும் எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்று கேட்கிறேன். எங்களுக்குத் தலைப்பு எங்கிருந்து வருகிறது தெரியுமா? பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் வக்கீல் தரப்பிலிருந்துதான் வருகிறது.

———

சீரியல்47 எழுதியது:

தம்பி சொல்வதை மறுக்க முடியாது. கோர்ட் ஹாலை விட்டு வெளியே வரும் முன்பே, தான் வாதாடியதைத் தன் பேர் போட்டு அனுப்புகிற வக்கீல்கள் இருக்கிறார்கள். அதில் தன் மனுவில் உள்ள குற்றச்சாட்டு, தான் வைத்த வாதம், நீதிபதி கேட்டது எல்லாம் ஒரே பத்தியில் கலந்திருக்கும். எதிர்த்தரப்பு சொன்னது ஒரு வரிகூட இருக்காது. எங்கள் தரப்பின் தப்பு இது, நாங்கள்தான் திருத்த வேண்டும்.

———

மேலூர்ரோடு எழுதியது:

வைகைத்தம்பி, உங்கள் பதிவுக்கு நன்றி. சாத்தான்குளம் பற்றிச் சொன்னீர்கள். அந்த நாட்களில் நானும் வீட்டிலிருந்து காணொலி விசாரணையைப் பார்த்துத்தான் எழுதினேன். நேரத்தைப் பிடிக்க வேண்டிய செய்தி உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அப்போதும் எழுதும்போது மூன்று விஷயத்தைத் தனித்தனியாக வைத்தேன்: மனுவில் சொல்லியிருப்பது, வக்கீல் சொன்னது, நீதிபதி சொன்னது. இப்போதும் என் குறிப்பேட்டில் பக்கத்தை மூன்றாகக் கோடு போட்டுத்தான் எழுதுகிறேன். "ம", "வ", "நீ" என்று தலையில் போடுவேன். நாலாவதாக அடியில் ஒரு கட்டம். உத்தரவு சொல்ல ஆரம்பித்ததும் பேனாவை மாற்றி, பச்சை மையில் அதில் எழுதுவேன். பச்சையில் ஒன்றும் இல்லை என்றால் அன்றைக்கு உத்தரவு இல்லை. தலைப்பு எந்தக் கட்டத்திலிருந்து எடுக்கிறேன் என்பது எனக்கே பளிச்சென்று தெரியும்.

பழைய நாளில் இதற்கு இன்னொரு வசதியும் இருந்தது. சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் செய்தி அனுப்புவோம். அதற்குள் டீக்கடையில் நாலைந்து நிருபர்கள் உட்கார்ந்து குறிப்பைச் சரிபார்ப்போம். நான்கு வாரமா, நாற்பது நாளா என்று சந்தேகம் வந்தால் திரும்ப உள்ளே போய்க் கேட்டு வருவோம். போட்டிப் பத்திரிகைக்காரர் என் தப்பைத் திருத்தியிருக்கிறார். இப்போது என் ஆபீசிலேயே 11.30க்குள் ஆன்லைனுக்கு ஒரு வரியாவது வேண்டும் என்கிறார்கள். டீ குடித்துக்கொண்டே சரிபார்த்த அந்த ஒரு மணி நேரம்தான் போய்விட்டது. சேனல்காரர்கள் மட்டும் தப்பு செய்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை.

———

திருமங்கலம் தமிழாசிரியர் எழுதியது:

ஓய்வுபெற்றவன். தினமும் மூன்று பேப்பர் படிக்கிறேன். செய்தியின் வேகத்தைவிட அதன் தமிழ் எனக்குப் பெரிய கவலை.

"ஒத்திவைப்பு" என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். விசாரணையை அடுத்த வாரத்துக்குத் தள்ளினாலும் ஒத்திவைப்பு, வாதம் எல்லாம் முடிந்து தீர்ப்புக்காக வைத்தாலும் ஒத்திவைப்பு. இரண்டும் ஒன்றா? முதலாவதில் வழக்காடி அடுத்த வாரம் பஸ் ஏற வேண்டும், இரண்டாவதில் வீட்டில் காத்திருந்தால் போதும். "மனு ஏற்பு" என்று போடுகிறார்கள். விசாரணைக்கு எடுத்துக்கொண்டார்களா, மனுவில் கேட்டதைக் கொடுத்துவிட்டார்களா? குமாஸ்தா ஐயா சொன்ன வெடிக்குக் காரணம் அநேகமாக இந்தச் சொல்லாகத்தான் இருக்கும்.

அப்புறம் "தடை". இடைக்காலத் தடை இரண்டு வாரத்துக்கு என்றால் அந்த "இடைக்கால"த்தைத் தலைப்பில் இடமில்லை என்று வெட்டிவிடுகிறார்கள். "விடுவிப்பு", "விடுதலை" இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். விசாரணை தொடங்கும் முன்பே குற்றச்சாட்டுக்கு அடிப்படை இல்லை என்று அனுப்புவது ஒன்று, சாட்சிகளையெல்லாம் விசாரித்துக் குற்றம் நிரூபணமாகவில்லை என்று சொல்வது இன்னொன்று. இவை எல்லாவற்றுக்கும் நம்மிடம் சொல் இருக்கிறது. இடிக்க உத்தரவு, இடிக்க நேரிடும் என எச்சரிக்கை, இடிக்கலாமா எனக் கேள்வி என்று மூன்று நிலையையும் தமிழ் அழகாகப் பிரித்துச் சொல்லும். சொல்லாதது நம் சோம்பல்.

"அதிரடி", "சரமாரி", "கிடுக்கிப்பிடி", "குட்டு" ஆகிய நாலையும் நீதிமன்றச் செய்தியிலிருந்து எடுத்துவிட்டால் போதும், பாதி வாசகர்கள் தெளிவாகிவிடுவார்கள். நீதிமன்றம் மல்யுத்தக் களம் இல்லை.

———

செக்கானூரணி எழுதியது:

இங்கே எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

என் தம்பி மேல் ஒரு வழக்கு இருந்தது. கைதானபோது உள்ளூர் சேனல் ஒன்று அவன் படம், ஊர், அப்பா பேர் எல்லாம் போட்டு வீடியோ வெளியிட்டது. நாலு வருஷம் மாவட்ட நீதிமன்றத்துக்கு அலைந்தோம். அங்கே எந்த நிருபரும் வந்து பார்த்ததில்லை. வாய்தா, வாய்தா, சாட்சி வரவில்லை, மறுபடி வாய்தா. கைப்பையில் எப்போதும் தண்ணீர் பாட்டிலும் அந்த 16 இலக்க சிஎன்ஆர் நம்பர் எழுதிய சீட்டும் இருக்கும். போனில் இ-கோர்ட்ஸ் ஆப்பில் அதைப் போட்டால் அடுத்த தேதி வரும். அதைப் பார்த்துத்தான் ஹோட்டல் வேலைக்கு லீவு சொல்லுவேன்.

கடைசியில் விடுதலை. குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று நீதிபதி வாசித்தார். தம்பி அழவில்லை, அம்மாதான் டவாலி பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு எந்தச் சேனலும் வரவில்லை.

போன வைகாசியில் தம்பிக்கு ஒரு வரன் வந்தது. எல்லாம் பேசி முடித்து, பெண் வீட்டுப் பையன் ஒருவன் பேரைப் போட்டுத் தேடியிருக்கிறான். அந்தப் பழைய வீடியோ முதலில் வந்தது. அதோடு சரி. தீர்ப்பு நகலைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள், ஆனால் வேண்டாம் என்றுவிட்டார்கள். அந்த வீடியோவை எடுக்கச் சொல்ல வழி இருக்கிறதா? யாராவது தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

———

சீரியல்47 எழுதியது:

அக்கா, மனம் கனத்துப் போய்விட்டது. தெரிந்ததைச் சொல்கிறேன்.

இதே கேள்வி நம் மதுரைக் கிளைக்கே வந்திருக்கிறது. கீழ் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டு 2014ல் கிளையில் விடுதலையான ஒருவர், தீர்ப்பிலிருந்து தன் பேரை நீக்கச் சொல்லி மனு போட்டார். 2021ல் தனி நீதிபதி, இதற்கென்று சட்டம் வர வேண்டும் என்று சொல்லி மறுத்துவிட்டார். மேல்முறையீட்டில் 2024 பிப்ரவரியில் இரண்டு நீதிபதிகள் அமர்வு அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்புகளை இலவசமாகப் போடுகிற இந்தியன் கானூன் தளம் உச்ச நீதிமன்றம் போய், அந்த ஜூலையில் அந்தத் தீர்ப்புக்குத் தடை வாங்கியது. தீர்ப்பு என்பது பொது ஆவணம், அதை அழித்துக்கொண்டே போனால் சட்டம் எங்கே இருக்கும் என்பது எதிர்வாதம். அதிலும் நியாயம் உண்டு. நான் தினமும் அந்தத் தளத்தில்தான் தீர்ப்புத் தேடுகிறேன். ஒரு காலத்தில் காசு உள்ள சீனியர் ஆபீஸில் மட்டும்தான் தீர்ப்புத் தொகுப்புகள் வரிசையாக இருக்கும்.

ஆனால் உங்கள் தம்பி விஷயம் வேறு. நீங்கள் கேட்பது தீர்ப்பை எடுக்கச் சொல்லி இல்லை, கைதுச் செய்தியைத்தான். முதலில் தீர்ப்பின் சான்றிட்ட நகலோடு அந்தச் சேனலுக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். எடுக்க மறுத்தால், விடுதலையான செய்தியை அதே வீடியோவின் தலைப்பிலும் விவரத்திலும் சேர்க்கச் சொல்லுங்கள். யூடியூபிலேயே தனியுரிமைப் புகார் கொடுக்க ஒரு படிவம் உண்டு. அதுவும் ஆகவில்லை என்றால் என்ன செய்யலாம் என்று பார்க்கலாம். கடிதம் எழுத நான் உதவுகிறேன், தனிச் செய்தியில் வாருங்கள். காசு எதுவும் வேண்டாம்.

———

வைகைத்தம்பி எழுதியது:

அக்கா, இதைப் படித்துவிட்டு என் சேனலில் பின்னோக்கிப் போய்ப் பார்த்தேன். கைதுச் செய்தி 31 வீடியோ இருக்கிறது. அதில் ஒன்றுக்குக்கூடப் பிறகு என்ன ஆனது என்று நான் தேடியதில்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன். கொஞ்ச நாள் ஆகும்.

———

மூன்றாம் ஆண்டு எழுதியது:

மதுரையில் சட்டம் படிக்கிறேன். எல்லோரும் சொல்வதைக் கேட்டபோது எனக்குத் தோன்றியது: நேரலையாகவே காட்டிவிட்டால் என்ன? கார்டைப் பார்க்க வேண்டாமே, நேரடியாகவே பார்த்துக்கொள்ளலாமே.

2018 செப்டம்பரில் ஸ்வப்னில் திரிபாதி வழக்கில் உச்ச நீதிமன்றம் நேரலைக்கு வழி திறந்தது. 2021 ஜூலையில் குஜராத் உயர் நீதிமன்றம் முறைப்படி யூடியூபில் காட்டத் தொடங்கியது. 2022 செப்டம்பர் 27லிருந்து உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வுகள் நேரலையில் வருகின்றன. ஹாஸ்டலில் உட்கார்ந்துகொண்டு மூத்த வக்கீல்கள் வாதாடுவதைப் பார்க்கிறோம். எங்கள் அம்மாவும் ஒருநாள் பின்னால் நின்று பார்த்துவிட்டு, இவ்வளவு பொறுமையாகவா பேசுவார்கள் என்று ஆச்சரியப்பட்டார். சினிமாவில் பார்த்த கோர்ட்தான் அவருக்குத் தெரியும்.

———

மேலூர்ரோடு எழுதியது:

தங்கச்சி, நேரலையை நான் வரவேற்கிறேன். ஆனால் 2024 செப்டம்பரில் கர்நாடகாவில் நடந்ததையும் பாருங்கள். ஒரு நீதிபதி விசாரணையின்போது சொன்ன சில வார்த்தைகள் துண்டு வீடியோவாக நாடு முழுக்கச் சுற்றின. அவை சொல்லியிருக்கவே கூடாத வார்த்தைகள்தான். உச்ச நீதிமன்றம் தானாக வழக்கு எடுத்தது, அவர் வருத்தம் தெரிவித்தார், முடித்து வைத்தார்கள். அப்போது தலைமை நீதிபதி சொன்னதன் சாரம், வெளிச்சத்துக்கு மருந்து இன்னும் வெளிச்சம்தான், மூடி வைப்பது இல்லை என்பது. நானும் அந்தக் கட்சி. நேரலை இல்லையென்றால் அந்த வார்த்தைகள் வெளியே வந்திருக்காது.

ஆனால் நேரலை கார்டை ஒழிக்காது. மூன்று மணி நேரப் பதிவிலிருந்து இருபது விநாடியை வெட்டினால் அதுதான் புதுக் கார்டு. அதனால் நிருபர் தேவை. பார்க்காதவருக்கு முழுசையும் சொல்ல ஒருவர் வேண்டும்.

இன்னொரு பயமும் உண்டு. குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்ட வழக்குகள். அந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவில் குழந்தையின் பேர் மட்டும் இல்லை, விலாசம், படம், குடும்பம், பள்ளி, சுற்றுவட்டாரம் எதுவும் வெளியே தெரியக் கூடாது. ஆனால் செய்தியில் பேரைப் போடாமல் ஊரைப் போட்டு, அப்பா என்ன தொழில் என்று போட்டு, எத்தனையாவது படிக்கிறது என்று போட்டால் அந்த ஊருக்குப் பேர் தேவையா? நானே ஒருமுறை தவறியிருக்கிறேன். ஊர்ப் பேர் வேண்டாம், தாலுகா மட்டும் போதும் என்று நினைத்து எழுதினேன். அந்தத் தாலுகாவில் அந்தத் தொழில் செய்கிறவர்கள் ஒரே ஒரு குடும்பம். மறுநாள் பிள்ளையின் மாமா ஆபீசுக்குப் போன் செய்தார். கத்தவில்லை. ஏன் சார் இப்படி எழுதினீங்க என்று மட்டும் கேட்டார். அதிலிருந்து அந்த வகை வழக்கில் மாவட்டம் தாண்டி எதுவும் எழுதுவதில்லை.

———

யானைமலை குமாஸ்தா எழுதியது:

நீதிமன்றத்தைப் பற்றிப் பேச பயமாக இருக்கிறது என்கிறார்கள் சில பிள்ளைகள். அதையும் வக்கீல் தம்பி சொல்லட்டும்.

———

சீரியல்47 எழுதியது:

பயப்பட வேண்டியதில்லை ஐயா, ஆனால் எல்லை தெரிய வேண்டும். முடிந்த வழக்கின் தீர்ப்பை நியாயமாக விமர்சிப்பதை அதே 1971 சட்டத்தின் 5ஆம் பிரிவு காப்பாற்றுகிறது. இந்த நீதிபதி இந்தச் சட்டத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டார் என்று காரணத்தோடு சொல்லலாம். உயர் நீதித்துறை முழுக்க ஊழல் என்று யூடியூப் பேட்டியில் சொன்னதற்காக 2022 செப்டம்பரில் சவுக்கு சங்கருக்கு இதே மதுரைக் கிளை ஆறு மாதம் சிறை விதித்தது. நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை நிறுத்தி வைத்தது. அந்தத் தண்டனை அதிகம் என்று நினைக்கிற வக்கீல்களும் உண்டு, தேவை என்கிறவர்களும் உண்டு. எனக்கு அதிகமாகத்தான் பட்டது.

நம் கிளைக்கும் புது ஊடகத்துக்கும் உறவு நீளமானது. 2019 ஏப்ரல் 3 அன்று டிக்டாக்கைத் தடை செய்யச் சொன்னதும் இங்கேதான், 24ஆம் தேதி அதை விலக்கியதும் இங்கேதான். தடை வந்தது எல்லோருக்கும் நினைவிருக்கிறது, விலக்கியது பலருக்கு நினைவில்லை. கவனித்தீர்களா?

———

திருமங்கலம் தமிழாசிரியர் எழுதியது:

ஒரு யோசனை. வக்கீல் தம்பியும் நிருபர் தம்பியும் இருக்கிறீர்கள், நானும் சும்மாதான் இருக்கிறேன். கிளையில் தினமும் வருகிற உத்தரவு வகைகளில் ஒரு முப்பதை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் தலைப்பில் போடக்கூடிய அளவில் சின்னத் தமிழ்ச் சொல்லாக ஒரு பட்டியல் போடுவோமா? வைகைத்தம்பி மாதிரி ஆட்கள் அப்படியே எடுத்துப் பயன்படுத்தலாம். "தீர்ப்புக்காக வைப்பு", "விசாரணைக்கு ஏற்பு", "பதில் கேட்டு நோட்டீஸ்" என்று நான் ஆரம்பித்துவிட்டேன்.

———

வைகைத்தம்பி எழுதியது:

கண்டிப்பாக வேண்டும் ஐயா. எழுத்து கொஞ்சம் குறைவாக இருக்கட்டும், கார்டில் ஒரு வரியில் ஆறேழு சொல்தான் கொள்ளும்.

அப்புறம், 31ல் 12 பார்த்துவிட்டேன். மூன்று வழக்கில் விடுதலை. அந்த மூன்று வீடியோவையும் எடுத்துவிட்டேன். இரண்டில் தண்டனை, அதை விவரத்தில் சேர்த்தேன். மீதி ஏழு இன்னும் நடக்கிறது, அடுத்த வாய்தாவோடு போட்டிருக்கிறேன். செக்கானூரணி அக்கா, உங்கள் தம்பி வீடியோ போட்ட சேனல்காரரை எனக்குத் தெரிந்திருக்கலாம். பேரைத் தனியாக அனுப்புங்கள், நேரில் போய்ப் பேசுகிறேன்.

———

செக்கானூரணி எழுதியது:

அனுப்பியிருக்கிறேன் தம்பி. வக்கீல் தம்பி எழுதிக் கொடுத்த கடிதமும் நேற்று பதிவுத் தபாலில் போய்விட்டது. ரசீதை அம்மா சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார்.

———

மேலூர்ரோடு எழுதியது:

நேற்று அந்தக் கண்மாய்க்கரைக்கு மறுபடி போனேன். இணையத்தில் ஏறிய உத்தரவை அச்செடுத்துக்கொண்டு போயிருந்தேன். இரண்டரைப் பக்கம். டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து வரி வரியாகத் தமிழில் சொன்னேன். மனுப் போட்டவரும் வந்தார், கரையில் குடியிருக்கிறவர்களும் வந்தார்கள். இரண்டு தரப்பும் ஒரே பெஞ்சைச் சுற்றி நின்று கேட்டது எனக்கு முதல் அனுபவம். அளவீடு எப்போது, நோட்டீஸ் யார் கொடுப்பார்கள், பதில் எங்கே கொடுக்க வேண்டும் என்று நிறையக் கேட்டார்கள். அளவீட்டு நாளில் தானும் கூட நிற்க வேண்டும் என்றார் மனுப் போட்டவர். நாங்களும் நிற்போம் என்றார்கள் மற்றவர்கள்.

அந்த அம்மா வீட்டுக் கூரையில் தகரம் மறுபடி ஏறியிருந்தது. நாலைந்து இடத்தில் ஆணி பழைய ஓட்டையில் சரியாக உட்காரவில்லை, பக்கத்தில் புதுசாக அடித்திருந்தார்கள். நோட்டீஸ் வந்தால் என்னிடம் காட்டுவதாகச் சொல்லிப் போன் நம்பர் வாங்கிக்கொண்டார்.

வழக்கு வருகிற 17ஆம் தேதி மறுபடி வருகிறது. அன்றைய வழக்குப் பட்டியலில் சீரியல் நம்பர் வந்ததும் இங்கே போடுகிறேன். உத்தரவு கைக்கு வந்த பிறகு செய்தி.